முப்பத்து நான்கு குடுமிகள்

வாஷிங் மெஷின் செத்தது ஒரு செவ்வாய்க்கிழமை,
தெங்கிஸின் டிரைவர் சட்டையை
வயிற்றுக்குள் வைத்துக்கொண்டே.
பழுது பார்க்க வந்த கோச்சா
முதலில் அதைத் தட்டினான், பிறகு என்னைப் பார்த்தான்,
ஆஸ்பத்திரி வராந்தாவில் பார்ப்பார்களே, அப்படி.
"பதின்மூன்று வருஷம். நல்ல சாவுதான்."
வந்து போன கூலி இருபது.

எங்கள் காசுக்குப் பெயர் லாரி.
பெயர்தான் லாரி.
வரும்போது நடந்து வரும்,
போகும்போது பிரேக் இல்லை.

ஃப்ரிட்ஜ் மேல் என் கணக்கு நோட்டு:
கேஸ், கரண்ட், வங்கித் தவணை,
தெக்லாவின் பல் கம்பி,
போன மாதம் ஒரு சாவுக்கு வைத்த பணம்,
இந்த மாதம் ஒரு கல்யாணத்துக்கு வைக்க வேண்டியது.
"பழசையே சரிசெய்வோம்" என்பான் தெங்கிஸ்.
"புதுசு, தவணையில்" என்பேன் நான்.
பதினோரு நாள்.
குளியல் தொட்டியில் துணியோடு சேர்ந்து
பேச்சும் ஊறி நாறியது.

கடைசியில் நான் ஜெயித்தேன்.
உறையில் முந்நூற்றுப் பத்து, முதல் தவணை.
சனிக்கிழமை மூவரும் கிளம்பினோம்.
குத்தாயிசியில் மழை. ரியோனி ஆறு
கலங்கலாக, யார் மேலோ கோபமாக.
பாலம் தாண்டியதும் தரைக்குக் கீழே ஒரு கடை,
அதன் ஜன்னல் எங்கள் கணுக்கால் உயரத்தில்.
அதிலிருந்து ஆவி:
மிளகு, கொத்துக்கறி, வெந்த மாவு.

தெக்லா எதுவும் கேட்கவில்லை.
ஷூ லேஸைக் கட்டக் குனிந்தாள்.
அவள் போட்டிருந்தது
லேஸே இல்லாத ரப்பர் பூட்ஸ்.

"பத்தே பத்து" என்றான் தெங்கிஸ்,
பாதிப் படி இறங்கிவிட்ட பிறகு.

கின்காலியை முறையாகத் தின்ன வேண்டும்.
மாவை மடிப்பு மடிப்பாகக் கூட்டி
உச்சியில் முறுக்கியிருப்பார்கள், குடுமி.
குடுமியைப் பிடித்துத் தலைகீழாக்கி
ஓரத்தில் ஒரு சின்னக் கடி,
கடித்த இடத்திலேயே வாய் வைத்து உறிஞ்சல்.
ஒரு சொட்டு தட்டில் விழுந்தாலும் மானம் போச்சு.
முள்கரண்டி கேட்டால் பக்கத்து மேசை திரும்பிப் பார்க்கும்.
குடுமியைத் தின்பதில்லை.
தட்டில் விட்டுவைப்போம், கடைசியில் எண்ண.

முதல் பத்து வந்தது.
உதடு சுட்டது. பேச்சு நின்றது.
வருஷம் முழுக்க எங்கள் குடுமி வங்கியின் கையில்;
இப்போது எங்கள் கையில்,
சூடாக, ஈரமாக.

இரண்டாவது பத்தை யார் சொன்னது என்று
இன்றுவரை ஒருவரும் ஒப்புக்கொள்ளவில்லை.
கடைசிப் பதினான்கு நான் சொன்னது.

தெக்லா ஒன்பது, பல் கம்பியோடு.
தெங்கிஸ் பதினான்கு.
நான் பதினொன்று, அவன் தட்டுக்கு நான்
நைசாகத் தள்ளிய ஒரு குடுமியைச் சேர்க்காமல்.
பச்சைச் சோடா இரண்டு பாட்டில்.
அறுபத்திரண்டு லாரி.

பிறகும் மெஷின் கடைவரை நடந்தோம், ஏனோ.
கண்ணாடிக்குப் பின்னால் வரிசையாக
வட்ட வாயைத் திறந்துகொண்டு நின்றன, பசியோடு.
"எதற்கும் விலை கேட்டு வரட்டுமா?"
"விலைதான் தெரியுமே."
மழையும் விட்டிருந்தது. திரும்பிவிட்டோம்.

ராத்திரி தெங்கிஸ் காற்சட்டையைச் சுருட்டிக்கொண்டு
தொட்டிக்குள் இறங்கினான்.
திராட்சை மிதிக்கிற மாதிரி
ஜீன்ஸை மிதித்தான்; கால் விரல் பத்தும் நீலம்.
அவன் தோளைப் பிடித்துக்கொண்டு தெக்லாவும் ஏறினாள்.
தண்ணீர் கதவிடுக்கில் வழிந்து ஓட,
கீழ் வீட்டு மேதேயா
துடைப்பக் கட்டையால் தன் கூரையை இடித்தாள்.
நான் அதட்டப் போனேன்.
போனவளுக்கும் கால் நனைந்தது, பிறகென்ன.

நோட்டில் எந்தப் பத்தியில் எழுதுவது?
சாப்பாடு என்றால் மனசாட்சி உறுத்துகிறது.
எதிர்பாராச் செலவு என்றால்,
அங்கே ஏற்கெனவே கோச்சா உட்கார்ந்திருக்கிறான்.
காலையில் பார்த்தேன், தெக்லாவின் பென்சில் எழுத்து:
குடுமி – 34.
தொகை போடவில்லை.

கூட்டினேன். மறுபடி கூட்டினேன்.
அறுபத்திரண்டு துண்டு விழுந்தது.

விழட்டும்.
பால்கனிக் கொடியில் ஏற்கெனவே ஏழெட்டுத் துண்டு
சொட்டிக்கொண்டிருக்கின்றன.